பச்சை டின்னில் நாகதோஷம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே ஏழாங்கட்டைத் தோட்டத்தில் காடி நிறுத்த இடமில்லை. பெடாஸிலிருந்து, நீலாயிலிருந்து, சிரம்பானிலிருந்து வந்த காடிகள் செம்மண் சாலையின் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றன. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டது. அதை ஓட்டி வந்த வங்காளதேசத்துக்காரர் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். எதற்கு வரிசை என்று அவருக்குத் தெரியாது. இத்தனை பேர் நிற்கிறார்களே, ஏதாவது கொடுப்பார்கள் என்று நினைத்தார். அவருக்கு முன்னால் நின்றவர்களும் கிட்டத்தட்ட அதே நினைப்பில்தான் நின்றார்கள்.

கொடுப்பவர் நாகதீர்த்த சாமி. கொடுக்கும் இடம், தமிழ்ப்பள்ளி வேலியை ஒட்டிய பழைய ஆயாக்கொட்டகை. ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போன அம்மாக்கள் ஒரு காலத்தில் கைப்பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் பெடாஸ் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரு மாரியம்மன் கோயில், வேனில் வந்து போகும் பிள்ளைகளை வைத்து ஓடுகிற ஒரு பள்ளிக்கூடம், இந்தக் கொட்டகை. கைப்பிள்ளைகள் அழுத இடத்தில் இப்போது பெரியவர்கள் அழுதார்கள். தாலாட்டுவதற்குச் சாமி இருந்தார்.

சாமிக்குத் தெரிந்தது ஒரே வேலை. விஷம் இறக்குவது. சர்க்கரை வியாதியா? விஷம். எஸ்.பி.எம். பரீட்சையில் ஃபெயிலா? விஷம். புருஷன் போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறானா? அதுவும் விஷம். போனைப் பிடுங்கிப் பார் என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் சொல்கிறவருக்கு யார் காணிக்கை போடுவார்கள்?

முறை இதுதான். ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் மஞ்சள் நிறத் தீர்த்தம். சாமி உங்கள் உள்ளங்கையில் திருநீறு பூசுவார். கண்ணை மூடி நாகமந்திரம் சொல்லுவார். கையைத் தீர்த்தத்தில் முக்கச் சொல்லுவார். மஞ்சள் தண்ணீர் உங்கள் கண் எதிரிலேயே ரத்தச் சிவப்பாக மாறும். உங்கள் விஷம். மூன்று ஞாயிறு வர வேண்டும். முதல் ஞாயிறு சிவப்பு, இரண்டாம் ஞாயிறு ஆரஞ்சு, மூன்றாம் ஞாயிறு தண்ணீர் மஞ்சளாகவே நிற்கும். விஷம் போயே போய்விட்டது. சாமியின் சீடன் சன்னாசி காணிக்கைத் தட்டோடு வருவான். தட்டின் ஒரு ஓரத்தில் சாமியின் லேமினேட் செய்த படம் அடுக்கியிருக்கும். மோட்டார் சைக்கிளில் ஒட்ட ஒன்று, வீட்டு வாசலில் ஒட்ட ஒன்று. தண்ணீர் பட்டாலும் கெடாது என்று சன்னாசி உத்தரவாதம் கொடுப்பான்.

"இந்த முகத்த நான் முன்னாலயே பாத்திருக்கேன்," என்றாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்த செல்லம்மா. "கனவாத்தான் இருக்கணும். கையில தண்ணியோட என் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு."

கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் முகுந்தனும் நின்றான், எட்டு வயது மகள் தேவஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு. நீலாயில் ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. முற்றிய பக்தி என்று நினைத்து முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

ஷினிக்குக் கச்சாங், அதாவது நிலக்கடலை, ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமில்லை. ஒன்றாம் ஆண்டில் படிக்கும்போது ஒரு தோழி ஆசையாகப் பாதி கச்சாங் பிஸ்கட் கொடுத்தாள். ஐந்தாவது நிமிஷம் உதடு வீங்கியது. பத்தாவது நிமிஷம் மூச்சு விசிலடித்தது. பள்ளி கேண்டீன் நடத்தும் திலகா அடுப்பைக்கூட அணைக்காமல் பிள்ளையைத் தன் பழைய வேனில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் பறந்தாள். பிள்ளை பிழைத்தது. அன்றைய மீ கோரேங் கருகிப்போனது.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். கடலை பட்ட எதுவும் இந்தப் பிள்ளை வாய்க்குப் போகக்கூடாது. மருந்து நிரப்பிய ஊசிப்பேனா எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். மறுபடி இப்படி ஆனால் தொடையில் குத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மற்றபடி பிள்ளை ஓடலாம், ஆடலாம், எல்லாரோடும் இருக்கலாம்.

தலைமையாசிரியர் ஜீவானந்தன் இதில் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் பயந்துவிட்டால் நோட்டீஸ் ஒட்டுவார்கள். கேண்டீன் மூலையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஒற்றை மேசையும் ஒற்றை நாற்காலியும் போட்டார். மேலே அட்டை: "ஒவ்வாமை மேசை. மற்ற மாணவர்கள் அமரக் கூடாது."

பிள்ளைகள் அட்டையைப் படித்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்கள் முழுக் கவனத்தோடு படித்த முதல் வாசகம் அதுவாகத்தான் இருக்கும். ஒவ்வாமை ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பையன் கண்டுபிடித்தான். அந்த நாற்காலியைத் தொட்டால் மூக்கு வீங்கும் என்றாள் ஒருத்தி. ரெஹாட் இடைவேளை மணி அடித்தால் எல்லாரும் நீள மேசைகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஷினி மூலையில் உட்கார்ந்து குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தாள். யாருக்காவது பிறந்த நாள் என்றால் வகுப்புக்குக் கேக் கிடைக்கும், அவளுக்குப் பென்சில் கிடைக்கும். அம்மா ரோகினி கட்டிக் கொடுத்த சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வர ஆரம்பித்தது. பிறகு முழுசாகவே திரும்பி வந்தது. கேட்டால் பசிக்கவில்லை என்றாள்.

ஒரு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த முகுந்தனிடம் கேட்டாள்: "அப்பா, நான் எப்பப்பா சரியாவேன்?"

அவனுக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத அப்பாக்களை நம்பித்தான் இந்த நாட்டில் பாதிச் சாமிகள் சோறு தின்கிறார்கள்.

முதல் ஞாயிறு சாமி ஷினியை உற்றுப் பார்த்தார். பிறகு முகுந்தனைப் பார்த்தார்.

"உங்க குடும்பத்துல பெரியவர் ஒருத்தர் பாம்பை அடிச்சிருக்காரு."

முகுந்தன் கை கூப்பினான். அவனுடைய தாத்தா இதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாகத்தை அடித்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். இது சாமிக்கு எப்படித் தெரியும்?

எப்படித் தெரியுமா? அந்தக் கொட்டகையில் இருந்த எல்லாருடைய தாத்தாவும் பால்மரம் வெட்டியவர்தான். விடியாத இருட்டில் மரத்தடிக்குப் போனவர்கள். வாழ்நாளில் ஒரு பாம்பைக்கூட அடிக்காத ஆள் இருந்திருந்தால், அவர் ஆபீஸ் கிராணியாக இருந்திருப்பார்.

"நாகம் எங்க வாழுது? மண்ணுக்குள்ள. கச்சாங் எங்க விளையுது? மண்ணுக்குள்ள," என்றார் சாமி. "இப்ப புரியுதா?"

கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கணக்கில் மரவள்ளிக்கிழங்கும் ஷினிக்கு ஆகாமல் போயிருக்க வேண்டும். அவள் அதைச் சம்பலோடு தட்டுத் தட்டாகத் தின்பாள். அதை யாரும் கேட்கவில்லை.

சாமி பச்சை டின்னைத் திறந்தார். காசித் திருநீறாம். பிள்ளையின் உள்ளங்கையில் அழுத்திப் பூசினார். "அப்பா, கை எரியுது," என்றாள் ஷினி. விஷம் இறங்கும்போது எரியத்தான் செய்யும் என்றார் சாமி. கை உள்ளே போனது. தண்ணீர் ரத்தமானது. முகுந்தன் அழுதுவிட்டான். பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவன் அழுவதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இரண்டாம் ஞாயிறு ஆரஞ்சு. அன்றைக்குச் சாமி உத்தரவு போட்டார். அடுத்த வாரம் விஷம் தீர்ந்துவிடும். தீர்ந்ததற்கு அடையாளமாகப் பிள்ளை எல்லார் முன்னிலையிலும் ஒரு கச்சாங் உருண்டை தின்ன வேண்டும். அப்போதுதான் நாகம் விடைபெற்றுப் போகும்.

முகுந்தன் நேராகத் தலைமையாசிரியரிடம் போனான். பிள்ளை குணமாகிவிட்டால் அந்த மேசையை எடுத்துவிடுவீர்களா என்று கேட்டான். ஜீவானந்தன் யோசித்தார். சாமி ஒரு கடிதம் கொடுத்தால் ஃபைலில் போட்டுக்கொள்ளலாம் என்றார். எல்லாரோடும் இருக்கலாம் என்று டாக்டர் எழுதிய கடிதம் அதே ஃபைலில் ஒரு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தானே நேரில் வந்து பார்ப்பதாகவும் வாக்குக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் முகுந்தன் கேண்டீனுக்குப் போனான். திலகா குனிந்து பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, கணீரென்ற குரல். ஆசிரியர்கள்கூட அவளிடம் மீதிச் சில்லறை கேட்கத் தயங்குவார்கள்.

"அக்கா, திங்கக்கிழமையிலேருந்து ஷினிக்கும் எல்லார் மாதிரியே நாசி லெமாக் கொடுங்க. கச்சாங் போட்டே கொடுக்கலாம்."

திலகா நிமிர்ந்தாள். "யாரு சொன்னா? டாக்டரா?"

"சாமி."

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து முகுந்தன் ஒரு அடி பின்னால் போனான். அவள் திட்டவில்லை. கேள்விதான் கேட்டாள். தண்ணீர் முதலில் மஞ்சளாக இருந்ததா? ஆமாம். பிள்ளைக்குக் கை எரிந்ததா? ஆமாம், முதல் வாரம் நன்றாக எரிந்தது. போன வாரம் அவ்வளவாக இல்லை. இரண்டு வாரமும் ஒரே திருநீறா?

முகுந்தன் கிடங்கில் வேலை செய்கிறவன். ராத்திரி முழுக்கப் பெட்டியையும் லேபிளையும் பார்க்கிற கண். "இல்லக்கா. மொத வாரம் பச்சை டின். போன வாரம் பச்சை டின்ல ஒரு கிள்ளு, பிஸ்கட் டின்ல ஒரு கிள்ளு, ரெண்டையும் கலந்தாரு. பச்சை காசித் திருநீறு, பிஸ்கட் டின் பழனித் திருநீறாம்."

"இந்த வாரம் பிஸ்கட் டின் மட்டும்தான் வரும், பாரேன்," என்றாள் திலகா. "நானும் வரேன்லா."

அவளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது என்று முகுந்தன் சந்தோஷப்பட்டான்.

மூன்றாம் ஞாயிறு காலை. ஷினி பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை எதற்கு என்று கேட்டதற்கு, சரியானவுடனே நேரே போய் நீள மேசையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றாள். முகுந்தன் காடிச் சாவியைக் கையில் எடுத்தான். திரும்பி ரோகினியிடம் கேட்டான்:

"ஊசி எடுத்துக்கிட்டியா?"

ரோகினி பெடாஸில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறவள். இரண்டு வாரமாக வாயைத் திறக்காமல் இருந்தாள். சாமியைக் குறை சொன்னால் பிள்ளைக்கு நல்லது நடப்பதை நீதான் கெடுத்தாய் என்று நாளைக்குப் பேச்சு வரும். ஆனால் இந்தக் கேள்விக்கு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"எதுக்கு?"

"இல்ல... சும்மாதான். ஒரு இதுக்கு."

"சாமி விஷத்த எடுத்துட்டாருன்னா ஊசி எதுக்கு? ஊசி வேணும்னா விஷம் இன்னும் இருக்குன்னுதான அர்த்தம்? அப்புறம் எதுக்குப் புள்ள வாயில அத வைக்கிறீங்க? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அவன் பிள்ளையைக் காடியில் ஏற்றினான். காடியைக் கிளப்பினான். ஊசிப்பேனா அவளுடைய கைப்பையில் ஏற்கெனவே இருந்தது. வழி முழுக்க அந்தக் கேள்வி பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

கொட்டகையில் அன்றைக்கு மூச்சு விட இடமில்லை. நாகம் விடைபெறுவதைப் பார்க்க ஆசைப்படாதவர் யார்? தலைமையாசிரியர் முன்வரிசையில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். சாமி பிஸ்கட் டின்னைத் திறந்தார். ஷினியின் கையில் பூசினார். கை தண்ணீருக்குள் போனது. தண்ணீர் மஞ்சளாகவே நின்றது.

கூட்டம் அலறியது. செல்லம்மாவுக்கு அருள் வந்து பாதியில் நின்றது, வாயில் வெற்றிலை இருந்ததால். சன்னாசி வெள்ளித் தட்டில் ஒற்றைக் கச்சாங் உருண்டையைக் கொண்டுவந்து பிள்ளையின் முன்னால் வைத்தான். வறுத்த கடலையின் வாசம் எழும்பியது. ஷினி தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அந்த வாசத்தை அவள் மறக்கவில்லை.

"சாமி, ஒரு சந்தேகம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். திலகா ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கேளு தாயே."

"இந்தத் தண்ணி விஷம் இருந்தாத்தான் செவக்குமா?"

"விஷம் இருந்தா மட்டும்தான்."

"விஷமே இல்லாத ஒண்ண முக்குனா?"

"மஞ்சளாவே நிக்கும். இப்ப நின்னுச்சே, பாக்கல?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் திலகா, கூட்டத்தைப் பார்த்து. பிறகு சன்னாசியின் காணிக்கைத் தட்டிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். நாகம் குடை பிடிக்கச் சாமி சிரித்துக்கொண்டிருக்கும் படம். "அப்பன்னா இத முக்கிப் பாக்கலாம். உலகத்துல விஷமே இல்லாத சாமான் இதுதான?"

சாமியால் என்ன சொல்ல முடியும்? என் படத்தில் விஷம் இருக்கிறது என்றா? "தாராளமா," என்று சொல்லிவிட்டுப் பிஸ்கட் டின்னை நகர்த்தினார்.

"அது வேணாம் சாமி. அந்தப் பச்சை டின்."

சாமியின் சிரிப்பு கொஞ்சம் நின்று, மறுபடி வந்தது. அது காசித் திருநீறு, பெண்கள் தொட்டால் தீட்டு என்றார். சன்னாசி டின்னுக்கு முன்னால் வந்து நின்றான். கூட்டத்தில் முணுமுணுப்பு. நல்ல காரியத்தில் இந்தக் கேண்டீன்காரிக்கு என்ன வேலை என்றது ஒரு குரல். நேரமாகிறது, பிள்ளையைச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றது இன்னொரு குரல்.

முகுந்தன் ரோகினியைப் பார்த்தான். அவள் வலது கை பைக்குள் இருந்தது. விரல்கள் எதையோ இறுகப் பிடித்திருப்பது துணிக்கு மேலேயே தெரிந்தது. இடது கையால் பிள்ளையின் வாயை லேசாக மூடியிருந்தாள். உருண்டைக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஒரு சாண் தூரம்.

அவன் எழுந்தான்.

"நான் ஆம்பளதான் சாமி," என்றான்.

சன்னாசி யோசிப்பதற்குள் பச்சை டின் அவன் கையில் இருந்தது. நானூறு கிலோ பெட்டியைத் தூக்கி அடுக்குகிற ஆளுக்கு ஒரு சன்னாசி என்ன கனம்? திருநீற்றை அள்ளிச் சாமி படத்தின் நெற்றியில் பட்டையாகப் பூசினான். படத்தைக் கிண்ணத்துக்குள் விட்டான்.

முதலில் நெற்றியைச் சுற்றிச் சிவந்தது. பிறகு நாகத்தின் வாய். பிறகு கிண்ணம் முழுதும். ரத்தச் சிவப்புத் தண்ணீருக்குள் சாமி சிரித்துக்கொண்டே கிடந்தார். லேமினேஷன் உண்மையிலேயே நல்ல லேமினேஷன்.

சாமி இருமினார். பக்தர்களுடைய விஷத்தையெல்லாம் தன் உருவம் வாங்கிக்கொண்டது என்று ஆரம்பித்தார். நல்ல பதில்தான். கொஞ்சம் அவகாசம் கிடைத்திருந்தால் அதற்கும் ஒரு காணிக்கை வந்திருக்கும்.

திலகா விடவில்லை. பக்கத்தில் இருந்த செம்பிலிருந்து மஞ்சள் தீர்த்தத்தை ஒரு பிளாஸ்டிக் குவளையில் ஊற்றினாள். "செல்லம்மாக்கா, உங்க வெத்தலைப் பையைக் கொஞ்சம் கொடுங்க." பையிலிருந்து சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்துத் தண்ணீரில் கலக்கினாள். அதுவும் சிவந்தது. அதே சிவப்பு.

செல்லம்மா குவளைக்குள் எட்டிப் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"அடியே," என்றாள். "இது ஆலத்தி தண்ணி."

ஆலத்தி தண்ணீரேதான். கல்யாணத்தில் மணமக்களுக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கைக்குழந்தைக்கு, புதுக் காடிக்கு, புது மோட்டாருக்கு என்று அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணும் வாழ்நாள் முழுக்க மஞ்சளையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கலக்கிச் சிவக்க வைத்தவள். தன் கையால் கலக்கினால் ஆலத்தி. காவி கட்டியவன் கலக்கினால் அற்புதம். வீட்டில் தினமும் புழங்குகிற சாமானை மேடையில் வைத்ததும் ஒருவருக்கும் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. முகுந்தனுக்குத்தான் எல்லாரையும்விட வெட்கமாக இருந்தது. போன மாதம் அவன் எடுத்த மோட்டாருக்கு ஆலத்தி கரைத்துக் கொடுத்தவனே அவன்தான்.

செல்லம்மா இன்னும் முடிக்கவில்லை. குவளையைப் பார்த்தவள் மெதுவாகச் சாமியின் முகத்தைப் பார்த்தாள். கனவு கலைவது அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"நீ தர்மராஜ் தானடா? என் வீட்டு வாசல்ல கண்ணாடிக் கிண்ணத்துல தண்ணிய ஊத்தி, அழுக்குப் பாரு அழுக்குப் பாருன்னு கலர மாத்திக் காட்டி வாட்டர் ஃபில்டர் வித்தியே?"

சாமி எழுந்தார். தியான நேரம் வந்துவிட்டது என்றார். தட்டோடு சன்னாசி அதற்கு முன்பே தியானத்துக்குப் போய்விட்டிருந்தான். யாரும் சாமியை அடிக்கவில்லை, தடுக்கவுமில்லை. தடுக்கத் தேவையும் இருக்கவில்லை. அவருடைய காடிக்கு முன்னாலும் பின்னாலும் பக்தர்கள் நெருக்கமாக நிறுத்தியிருந்த காடிகள் அப்படியே நின்றன. முக்கால் மணி நேரம் அவர் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். செல்லம்மா முக்கால் மணி நேரமும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நின்றாள். ஃபில்டர் மூன்றாவது மாதமே ஒழுக ஆரம்பித்ததாம். வாரண்டி இன்னும் இருக்கிறதாம்.

கொட்டகைக்குள் ஒருவர் திலகாவிடம் வந்து, பிஸ்கட் டின் திருநீறாவது உண்மையானதுதானே, கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டார். அவரை என்ன செய்வது?

முகுந்தன் ஷினியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சுற்றி வளைத்துப் பேச அவனுக்கு வராது.

"உனக்குக் கச்சாங் ஆகாதும்மா. எப்பவும் ஆகாது. சாமி சொன்னது பொய். நானும் ஏமாந்துட்டேன்."

ஷினி ஈரக் கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கச்சாங் வேணவே வேணாம்ப்பா. அந்த வாசமே பிடிக்கல. எனக்கு அந்த மேசைதான் வேணாம்."

ஒரு டாக்டர், ஒரு தலைமையாசிரியர், ஒரு அப்பா, ஒரு சாமி. எல்லாரும் அவள் உடம்பைப் பற்றிப் பேசினார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை.

ஜீவானந்தன் ஃபைலை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் நின்றிருந்தார். திலகா அவரிடம் போனாள். நாளையிலிருந்து கேண்டீனில் கடலை போடப் போவதில்லை என்றாள். நாசி லெமாக் சோற்றில் வெள்ளரிக்காய் இரண்டு துண்டு கூட வைத்துவிடுவாளாம். சட்டியும் கரண்டியும் கழுவித் தனியாக இருக்கும்.

"கச்சாங் இல்லாம நாசி லெமாக்கா?" என்றார் ஜீவானந்தன். "பெற்றோர் சங்கத்துல ஒரு வார்த்தை கேட்காம எப்படி..."

"புள்ள உருண்டை தின்னுறத ஃபைலோட பாக்க வந்தப்ப சங்கத்த கேட்டீங்களா சார்?"

கேட்கவில்லை. மனிதர் நல்லவர், அதனால் முகம் சிவந்தது. அதற்குச் சுண்ணாம்பு தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை சபைகூடலில் அவர் ஐந்து நிமிஷம் பேசினார். ஒவ்வாமை ஒட்டாது என்றார். வீட்டிலிருந்து கடலை கொண்டுவர வேண்டாம், சாப்பிட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், இன்னொருத்தர் தட்டில் கை வைக்காதீர்கள் என்றார். ரோகினி ஆசிரியர்களுக்கு ஊசிப்பேனாவை எப்படிக் குத்துவது என்று ஒரு தலையணையில் காட்டினாள். மூன்று ஆசிரியைகள் உடனே பழகிக்கொண்டார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும் தலையைச் சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். மூலை மேசையைத் தோட்டக்காரர் தூக்கிக்கொண்டு போனார். இப்போது அதன்மேல் உரமூட்டை இருக்கிறது.

ரெஹாட் மணி அடித்தது. ஷினி தன் டப்பாவோடு நீள மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வாமை ஒட்டும் என்று கண்டுபிடித்த அதே பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உதடு எவ்வளவு பெரிசாக வீங்கும், காட்டு என்றான். அவள் கையால் அளந்து காட்டினாள். கொஞ்சம் கூட்டித்தான் காட்டினாள். அவன் மிரண்டுபோனான். நாசி லெமாக்கில் கச்சாங் இல்லை என்று இரண்டு பேர் குறை சொன்னார்கள். புதன்கிழமை அதையும் மறந்துவிட்டார்கள். அடுத்த பிறந்த நாளுக்கு ஒரு அம்மா முதல் நாளே ரோகினியிடம் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: எந்தக் கடைக் கேக் ஷினிக்கு ஆகும்? ஒரு கேள்வி. அதைக் கேட்கப் பத்து வினாடி ஆகியிருக்கும். டப்பா அன்றைக்குக் காலியாக வீட்டுக்கு வந்தது.

பிள்ளையை எல்லாரோடும் உட்கார வைக்க, பிள்ளையின் ரத்தத்தையே மாற்றப் பார்த்தார்கள். மாற்ற வேண்டியிருந்தது ஒரு கரண்டி கடலை.

ஒரு மாதம் போனது. லிங்கி ஆற்றோரம் அருள்வாக்கு சொல்லும் ஒரு அம்மா வந்திருக்கிறாளாம். முட்டையை உடம்பில் உருட்டி உடைத்தால் உள்ளே முடி வருமாம், ஆணி வருமாம். பெடாஸ் முழுக்க அதே பேச்சு. செல்லம்மா முகுந்தனிடம் வந்து, காடியில் ஒரு இடம் கிடைக்குமா என்று கேட்டாள்.

"வாங்கக்கா, கூட்டிட்டுப் போறேன்," என்றான் அவன். "ஆனா முட்டைய நாம கொண்டு போவோம்."

செல்லம்மா வெகு நேரம் யோசித்தாள். பிறகு முழங்கால் வலிக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று போய்விட்டாள். மற்றவர்கள் போனார்கள். அந்த வாரமும் லிங்கிச் சாலையில் காடி நிறுத்த இடமில்லை.

அங்கே வாசலில் செருப்பைத்தான் கழற்றச் சொல்கிறார்கள். தலையைக் கழற்றச் சொல்லி எந்தச் சாமியும் இதுவரை கேட்டதில்லை. அதை நாம்தான் நாமாகவே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம்.